இயக்குநர் குழுவும் ஆலைப் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கே: பாதுகாப்பை மேலாளர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? இயக்குநர் குழுவுக்கு அதில் என்ன வேலை?

ப: நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தின் குழுவும் அப்படித்தான் நம்பியிருந்தது. 2010 நவம்பரில் மீத்தேன் வெடித்து 29 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய 48 நாட்களில், வாயு வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை பதிவாகியிருந்தது. கீழே எழுதிக்கொண்டே இருந்தார்கள், மேலே கேட்பாரில்லை. விபத்துக்குப் பின் அந்நாடு 2015இல் புதுச் சட்டம் இயற்றி, சரிபார்க்கும் பொறுப்பை இயக்குநர்கள் தலையிலேயே வைத்தது.

கே: மூன்று ஆண்டுகளாக எங்களிடம் விபத்தே இல்லை. குழு இதற்கு மேல் எதைக் கேட்பது?

ப: டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை ஏழு ஆண்டுகள் வேலைநாள் இழப்பின்றி, அதாவது காயத்தால் யாரும் வேலைக்கு வராமல் போகாமல், ஓடியது. அதைப் பாராட்ட அதிகாரிகள் வந்திருந்த நாளிலேயே, 2010 ஏப்ரல் 20 இரவு, வெடித்து 11 பேர் இறந்தார்கள். வழுக்கி விழுபவர் குறைந்தால் எண்ணெய்க் கிணறு அடங்கிவிடாது. எந்தப் பாதுகாப்பு வால்வின் சோதனை தள்ளிப்போயிருக்கிறது, எந்த அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, யார் கையெழுத்தில் என்று கேளுங்கள். இன்னொன்று: விபத்து எண்ணிக்கையோடு போனஸை முடிச்சுப் போடாதீர்கள். விரல் நசுங்கியவரைக் கட்டோடு அலுவலகத்தில் உட்காரவைத்து, ‘வேலைநாள் இழப்பு: பூஜ்யம்’ என்று எழுதிவிடுவார்கள்.

கே: ஹெல்மெட் என்ன நிறத்தில் வாங்கலாம்?

ப: உங்கள் பாதுகாப்பு அதிகாரியைக் கேளுங்கள்.

கே: போனஸ் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. அல்கோவா அலுமினிய நிறுவனத்தில் 1987இல் தலைமைப் பொறுப்பேற்ற பால் ஓநீல் காயங்களைத்தானே அளவுகோலாக வைத்தார்?

ப: வைத்தார். ஆனால் மறைத்தவரை விட்டுவைக்கவில்லை. மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டதை மேலிடத்துக்குச் சொல்லாத உயரதிகாரியை 1996இல் வேலையைவிட்டே நீக்கினார். அந்தத் துணிச்சல் உங்கள் குழுவுக்கு உண்டா?

கே: துணிச்சல் இருந்தால் போனஸ் தரலாமா?

ப: குறையைக் கண்டு சொன்னவருக்குத் தாருங்கள். எண்ணிக்கைக்கு வேண்டாம்.

கே: காயமில்லாத மாதத்துக்குச் சிறு பரிசு...?

ப: மேலே இருமுறை சொல்லியாகிவிட்டது.

கே: இயக்குநர்கள் ஆலையை நேரில் பார்ப்பதால் பயன் உண்டா?

ப: வண்ணமடித்துக் கோலம் போட்டு வைத்த பாதையில் நடந்தால் இல்லை. இரவு ஷிப்டில், சொல்லாமல் போங்கள். மேலாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் எந்த வேலை பாக்கி என்று கேளுங்கள்.