நேராகவே கேளுங்கள்: கல்லூரி மாணவர்களும் தற்கொலைத் தடுப்பும்

மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு மனநல ஆலோசகரின் பதில்கள்.

ரூம்மேட் கொஞ்ச நாளாகச் சரியில்லை. "நான் இல்லாட்டி யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறான். தற்கொலை பற்றிக் கேட்டால், நானே எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா மேடம்?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே" என்ற ஆறுதல்தான் பலருக்கும் வரும்.

ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "கிறுக்குத்தனமா எதுவும் யோசிக்கலையே?" என்றால், "சேச்சே" என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். தனியாக இருக்கும்போது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ பேசறது கவலையா இருக்கு. தற்கொலை எண்ணம் வருதா?" என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம். அரை நிமிட மௌனம் தாங்காமல் அறிவுரையை ஆரம்பித்துவிடுவோம். குறிப்பாக, "உங்க அம்மாவை நினைச்சுப் பாரு" வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று ஏற்கெனவே மருகுகிறவனுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சி.

"ஆமாம்" என்றால், திட்டம் ஏதும் வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். இருந்தால் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் அவன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு, அன்றைக்கே வார்டன், வீட்டார், ஆலோசகர், மருத்துவமனை என்று யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

தோழி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியத்தை மீறுங்கள். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு மீறுங்கள்: "என்னால மட்டும் இதைத் தாங்க முடியாது, வா, சேர்ந்தே போவோம்." வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு மட்டும் விஷயம் போகக்கூடாது.

முடிவெடுத்தவர்களை இன்று தடுத்தால் நாளை செய்யத்தானே போகிறார்கள்?

இந்த எண்ணம்தான் பலரைக் கைகட்டி நிற்க வைக்கிறது. ரிச்சர்ட் சைடன் என்ற அமெரிக்க ஆய்வாளர், முயற்சியின்போது தடுக்கப்பட்ட 515 பேர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பார்த்து 1978இல் வெளியிட்டார். 90 சதவீதத்துக்கும் மேலானோர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த உச்ச நேரத்து வேகம் தணியக்கூடியது. அதைக் கடக்க ஆள் துணை வேண்டும்.

செப்டம்பர் 10க்கு ஊர்வலமும் நாடகமும் போடுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

2003லிருந்து உலகத் தற்கொலைத் தடுப்பு நாளாக அது அனுசரிக்கப்படுகிறது. நாடகத்தில் சாவையோ, அதன் முறையையோ காட்டாதீர்கள். உதவி கேட்டு மீண்டவரைக் காட்டுங்கள். ஊர்வலத்தைவிட, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, "தற்கொலை எண்ணம் வருதா?" என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழகவைப்பது மேல் என்பேன். முதல் முறை நாக்கு எழாது, அங்கேயே எழட்டுமே. போஸ்டரில் பொன்மொழிக்குப் பதில் ஆலோசகரின் அறை எண்ணும் நேரமும் போடுங்கள்.

நண்பருக்காக இல்லை, எனக்காகத்தான் கேட்கிறேன். இரவுதான் மோசம்.

கேட்டது நல்லது. இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். "எனக்குச் சரியில்ல, கொஞ்சம் வர்றியா?" என்று ஒருவருக்கு அனுப்புங்கள்; விளக்கமெல்லாம் பிறகு. ஆபத்தான எதுவும் பக்கத்தில் இருந்தால், அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவில் 988: இந்த உதவி எண்களை எந்த நேரமும் கூப்பிடலாம். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், இங்கே எனக்கு எழுதியதையே அப்படியே படித்துக்காட்டுங்கள்.