நாடாவில் மிச்சமிருந்த பதினொரு நிமிடம்

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோட்டைச் சேர்ந்தவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் எடை மேடையில் இரவு வேலைக்குப் போனேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், 45 நாட்களில் 14 ராக், ஆல்டர்நேட்டிவ் ஆல்பங்களைக் கேட்டு முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறேன். ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ 9 (ஏழாவதாக வரும் கணினிக் குரல் பாட்டே இல்லை என்பதால் அதைத் தள்ளிவிட்டேன்), ஜெஃப் பக்லியின் ‘கிரேஸ்’ 9, பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 8, நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ 8, ஆர்.இ.எம். குழுவின் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ 7, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ 6 (ஒலிப்பதிவு சுமார்). எல்லாவற்றிலிருந்தும் பிடித்த 30 பாட்டுகளை எடுத்து ஒரே பட்டியலாக்கி, வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கிறேன்.

ஆங்கில வரிகளில் பாதி புரிவதில்லை; புரியாமல் கேட்பது தவறா? இளையராஜா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல ஹெட்போன் இல்லாமல் இவற்றை முழுதாகக் கேட்க முடியுமா? அடுத்து எவற்றைக் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

ம., பாலக்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். பித்தளைக் குண்டான்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் என் பழைய கேசட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, நீங்கள் 8 மதிப்பெண் போட்டிருக்கும் அந்த ‘டார்க் சைட்’. நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது, இனி ஓடாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகிறது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் சம்பளத்தில் ஹெட்போன் வாங்க வேண்டாம்; இருப்பதே போதும். இளையராஜாவைக் கேட்பவர் வேறு எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லும் நண்பர்கள், இளையராஜாவையும் சரியாகக் கேட்டவர்கள் அல்லர். மேற்கத்திய இசையை ஊன்றிப் பயின்றதால்தான் அவர் அவராக இருக்கிறார். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அந்த ‘டார்க் சைட்’ கேசட் என்னிடம் வந்தது 1993ஆம் ஆண்டு கோடையில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் அல்ல. தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு மாந்தோப்பைத் தாத்தா குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் இறங்கும்வரை இரவுக் காவலுக்கு அவரோடு நானும் போவேன். பெங்களூரில் வேலையிலிருந்த மாமா, அங்கே ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் மேல் பால்பாயின்ட் பேனாவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன. பாட்டுப் பெயர்களும் இல்லை, பாடியவர்கள் பெயரும் இல்லை. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டிக்கு ஆறு பெரிய பேட்டரிகள் வேண்டும். புதிது வாங்கக் காசில்லாததால், பகலெல்லாம் அவற்றைப் பாறைமேல் வெயிலில் காயவைத்து இரவில் போடுவேன்.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் ஏறக்குறைய 19 நிமிடம். இதயத் துடிப்பில் தொடங்கி, நடுவே கடிகாரங்கள் ஒரே நேரத்தில் மணியடித்து, கடைசியில் ஒரு பெண்ணின் குரலில் முடிகிறது. அந்தக் குரலில் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில், 30 பவுன் கூலிக்கு, ஒரே நாள் வந்து பாடிவிட்டுப் போனவர். பல ஆண்டுகள் கழித்து அவர் வழக்குத் தொடுத்த பிறகே, 2005இல், அந்தப் பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. இவற்றையெல்லாம் நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தோப்பில், கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த தாத்தா அந்தக் குரல் எழுந்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டது இதுதான்: “யாருடா செத்தது?”

யாரும் சாகவில்லை, இது பாட்டு என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “பாட்டுதான். ஒப்பாரிப் பாட்டு. எந்த ஊருக்காரியோ, வயித்துல இருந்து அழறா” என்றார். அந்தப் பாட்டு சாவைப் பற்றியதுதான், தம்பி. அந்தக் குழுவினர் மேடையில் முதன்முதலாக வாசித்துப் பார்த்த காலத்தில் அதற்கு வைத்திருந்த பெயரிலேயே மரணம் என்ற சொல் இருந்தது. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாத, பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரையே கேட்டிராத ஒரு கிழவர், முதல் தடவை கேட்கும்போதே அதைக் கண்டுகொண்டார். புரியாமல் கேட்பது தவறா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததை. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். 19 நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. இசைத்தட்டின் முதல் பக்கத்தைக் கேசட்டின் முதல் பக்கத்தில் பதிந்த கடைக்காரர், மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஏதோ ஓர் இந்திப் பாட்டைப் போட்டு இடத்தை நிரப்பாமல் விட்டதற்கு அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். எங்களுக்கோ முடிந்தது என்று தெரியாது. “முடிஞ்சுதா?” என்று தாத்தா கேட்டார். தெரியவில்லை என்றேன். “நாடா ஓடுதில்ல? இரு, வரும்” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நாங்கள் பதினொரு நிமிடம் காத்திருந்தோம். நாடாவின் இரைச்சல், சுவர்க்கோழிகள், எங்கோ ஒரு காய் கிளையிலிருந்து விழுந்த சத்தம், தென்பெண்ணைப் பக்கமிருந்து வந்த காற்று, இவை எல்லாம் அந்த ஒப்பாரிக்குப் பின்னால் வந்ததால் அந்த ஒப்பாரியைச் சேர்ந்தவையாகவே இருந்தன. பிறகு பொத்தான் தானாக மேலே எழும்பியது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம் எடுத்த எடுப்பில் சில்லறைக் காசுகள் கலகலவென்று விழும் சத்தம். “காசு இறைக்கிறாங்க” என்றார் தாத்தா. சவ ஊர்வலத்தில் பொரியோடு சேர்த்து இறைப்பார்களே, அந்தக் காசு.

அந்தக் குழுவினர் இதை நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் அந்தச் சத்தத்தைச் சேர்த்தது பணத்தாசையைப் பற்றிய பாட்டுக்காக. ஆனாலும் சாவுக்கு அடுத்துக் காசை வைத்தவர்கள் அவர்கள்தாம், நடுவே இசைத்தட்டைத் திருப்ப ஒருவர் எழுந்து போகும் இடைவெளி இருக்கும் என்பதை அறிந்தே வைத்தார்கள். ஒரு பக்கத்தில் இருபது இருபத்திரண்டு நிமிடம்தான் நன்றாகப் பதியும் என்ற இசைத்தட்டின் அளவு, அந்தக் காலத்து ஆல்பங்களுக்கு நடுவில் ஒரு மூச்சைக் கொடுத்தது. தாத்தாவுக்கு அந்த வரிசைதான் பொருளைச் சொன்னது. உங்கள் முப்பது பாட்டுப் பட்டியலில் அந்தக் காசுப் பாட்டு இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் நிர்வாணாவின் கிட்டாரும் பின்னால் வேறு எதுவோவும் இருக்கும். அப்படி வைத்தால் அது வெறும் காசுச் சத்தம்தான். அந்த ஆல்பத்துக்கு 8 மதிப்பெண் போட்டது உங்கள் குற்றமா, பட்டியலின் குற்றமா என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கே உங்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. தர்மபுரி மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்கு வரிசை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டுமா? உங்கள் ஊர்ப் பக்கத்தில் கோடை வந்தால் திரௌபதியம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம். கர்ண மோட்சத்துக்கு மட்டும் வந்து அழுதுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துத் தாத்தா சொல்வார்: “கர்ணனுக்கு அழறவன் அவனை ஆத்துல விட்ட அன்னைக்கே வந்து ஒக்காரணும்.” ஒரு ஆல்பம் நாற்பது, ஐம்பது நிமிடம்தான் கேட்கிறது. பதினெட்டு இரவுகள் மண்தரையில் உட்கார்ந்தவர்களின் பேரன்மாரால் ஐம்பது நிமிடம் உட்கார முடியாது என்று நான் நம்பமாட்டேன்.

அந்த ஏழாவது பாட்டுக்கு வருகிறேன். அதைத் தள்ளிவிட்டு ஆல்பத்துக்கு 9 போட்டேன் என்கிறீர்கள். கேட்காத ஆல்பத்துக்கு எப்படி மதிப்பெண் போட்டீர்கள்? ‘ஓகே கம்ப்யூட்டர்’ 1997இல் வந்தது. மொத்தம் பன்னிரண்டு பாட்டுகள். ஆறாவது பாட்டின் முடிவில் பாடகரின் குரலையும் மற்ற வாத்தியங்களையும் ஒரு மின்னொலி சுழன்று சுழன்று வந்து விழுங்கிவிடுகிறது. ஏழாவதில், விழுங்கப்பட்ட பிறகு, மனிதக் குரலே இல்லை: ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிற, அளவாகச் சாப்பிடுகிற, அலுவலகத்தில் நன்றாக வேலை பார்க்கிற ஒருவனின் வாழ்க்கையை மேக்கின்டாஷ் கணினி ஒன்று வாசித்துக்கொண்டே போகிறது; பின்னால் ஒரு பியானோ தனியாக அழுகிறது; கடைசியில் அந்த வாழ்க்கை, கூண்டில் மருந்து கொடுத்து வளர்க்கப்படும் பன்றியின் வாழ்க்கையில் வந்து நிற்கிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. உடனே எட்டாவதில் கிட்டார்கள் வெடிக்கின்றன. நடுவிலிருக்கும் இந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டால், அந்த வெடிப்பு எதை எதிர்த்து என்று தெரியாமல் போகும். பன்னிரண்டாவது பாட்டு, மெதுவாகப் போ என்று கெஞ்சிவிட்டு, ஒரே ஒரு சிறிய மணியொலியோடு முடிவதற்கும் காரணம் கிடைக்காது. அது பாட்டு இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். பாட்டு அல்லாத ஒன்றை நடுவில் வைக்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்த முடிவு.

‘நெவர்மைண்ட்’ குறுந்தகட்டில் பன்னிரண்டாவது பாட்டு முடிந்த பிறகு ஏறக்குறைய பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது. முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் வேறு வேலை பார்க்கும்போது காதைக் கிழிக்கும் ஓர் இரைச்சல் வரும். 1991இல் முதலில் அச்சான தகடுகளில் தவறுதலாக அது விடுபட்டுப்போக, அடுத்து வந்தவற்றில் சேர்த்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் அந்த ஆல்பம்.

‘நெப்ராஸ்கா’வுக்கு 6 போட்டதை நான் மன்னிக்க விரும்பவில்லை. ஒலிப்பதிவு சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தன் வீட்டில், நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒரு கேசட் கருவியில் தன் குழு இல்லாமல் ஸ்பிரிங்ஸ்டீன் பாடிப் பதிந்துவைத்தவை அவை. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் பல நாள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் திரும்ப வாசித்துப் பார்த்தபோது, எல்லாம் சுத்தமாக இருந்தும் உயிர் போய்விட்டிருந்தது. கடைசியில் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். நீங்கள் குறை என்று கண்டது ஒரு மனிதர் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருக்கும் அறையின் சத்தம். எடை மேடையில் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருந்த நீங்கள் அதைக் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

எடை மேடை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. லாரி உள்ளே வரும்போது ஒரு முறை எடை போடுகிறீர்கள், பெங்களூரா மாங்காயை இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்பும்போது இன்னொரு முறை போடுகிறீர்கள். வெறும் வண்டியின் எடை தெரியாமல் எந்த வியாபாரிக்காவது நீங்கள் சீட்டுக் கொடுத்ததுண்டா?

‘கிரேஸ்’ பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் ஏழாவது பாட்டின் தொடக்கத்தில் ஜெஃப் பக்லி வாசிக்கும் ஆர்மோனியத்தைக் கேட்டபோது நம் கூத்து மேடையின் பின்பாட்டுக்காரர்கள் நினைவுக்கு வந்தார்களா என்று மட்டும் அறிய ஆசை. பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு பாடியவர். முழுதாக முடித்த ஒரே ஆல்பம் அது. முப்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். ஆர்.இ.எம். ஆல்பத்தை இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துக் கேளுங்கள். அதற்கு இப்போது அவசரமில்லை.

1999இல் முதல் சம்பளத்தில் ‘டார்க் சைட்’ குறுந்தகட்டை வாங்கினேன். தாத்தா அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார். அந்தப் பெண் அழுது முடித்த சில நொடிகளில் காசுகள் விழத் தொடங்கியபோது எனக்கு உடம்பு பதறிவிட்டது; கை தானாகப் போய் நிறுத்தியது. இப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வெளியே திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்து, பிறகே மீதியைக் கேட்கிறேன்.

அடுத்து எவற்றைக் கேட்கலாம் என்று பட்டியல் கேட்டிருந்தீர்கள். இப்போது தரமாட்டேன். முப்பது பாட்டுப் பட்டியலை அழித்துவிடுங்கள், மதிப்பெண் எழுதிய தாளைக் கிழித்துப்போடுங்கள். ஆலையில் மாங்காய் வரத்து இன்னும் சில வாரம் இருக்கும். லாரி வராத ஓர் இரவில் ‘ஓகே கம்ப்யூட்டர்’ முழுவதையும் எதையும் தள்ளாமல் கேட்டுவிட்டு, அந்த மணியொலிக்குப் பிறகு உங்கள் காதில் என்ன விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.