விருந்தாளி எட்டிப் பார்க்காத அறை

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாமனார் 1996இல் கட்டியது. நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், மாமியார். சீட்டு எடுத்த பணம் 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. பொங்கலுக்கு என் ஓரகத்தி குடும்பம் வருகிறது. சென்னையில் புது ஃபிளாட் வாங்கி ஜம்மென்று வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹாலைப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங், டிவி சுவருக்கு மார்பிள் மாதிரி பிவிசி ஷீட், ஒரு பக்கம் வால்பேப்பர், எல் வடிவ சோபா போட நினைக்கிறேன். சோபாவுக்கு 22,000 மட்டும் தவணையில் கட்ட வேண்டிவரும். பின் அறையில், குளியலறையை ஒட்டிய சுவர் ஓதம் அடித்துப் பூச்சு உதிர்கிறது. அத்தையின் கட்டிலை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறோம். அங்கே விருந்தாளி யாரும் வரப்போவதில்லை என்பதால் மிச்சமாகும் ஷீட்டை ஒட்டி மறைத்துவிடலாம் என்று இருக்கிறேன். அத்தைக்கு மழைக்காலம் வந்தால் இருமல் வேறு. ‘நான் தண்ணி ஊத்தி வளர்த்த சுவர்’ என்று புலம்பிக்கொண்டே இருப்பார். கணவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. குறைந்த செலவில் ஹாலை எடுப்பாகக் காட்ட என்ன செய்யலாம்? என்ன நிறம் அடிக்கலாம்?

- பெயர் வேண்டாம், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: நிறத்தை அப்புறம் பேசுவோம். ஹாலைப் பற்றி இத்தனை எழுதியவர், பின் அறையை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த நாலு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கட்டிலை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறோம் என்கிறீர்கள். வயதானவர்கள் ராத்திரியில் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு கை சுவரைத் தேடும். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, உடம்பைத் திருப்பி, காலைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுவார்கள். கட்டிலைச் சுவரோடு போடுவதே அதற்காகத்தான். நீங்கள் ஓரடி நகர்த்தியபோது அத்தையின் பிடிமானத்தையும் சேர்த்து நகர்த்திவிட்டீர்கள். தூக்கத்தில் புரண்டால் இப்போது இரண்டு பக்கமும் பள்ளம். தொட்டாலும் சுவர் ஈரமாக, மண் மண்ணாகக் கையில் உதிரும். அவர் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். மகன் வீட்டில் இருக்கிற தாய்மார்கள் இப்படிப்பட்ட குறைகளை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அடுத்து, ‘விருந்தாளி யாரும் வரப்போவதில்லை’. பொங்கலுக்கு வருவது யார்? உங்கள் ஓரகத்தியின் கணவர், அந்தக் கட்டிலில் படுப்பவரின் இன்னொரு மகன். அவர் இந்த வீட்டுக்கு விருந்தாளியா? வருகிறவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடமே அந்த அறைதான். அவர் அங்கே எட்டிப் பார்க்கமாட்டார் என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது என்றால், உங்கள் குடும்பத்தில் ஓதம் சுவரில் மட்டும் இல்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால் சரிதான், கோபம்தான். வீட்டை அழகாக்கக் குறைந்த செலவில் வழி கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்துக்குக் கடன் வாங்குவார்கள். வீட்டில் இருப்பவர்கள் புழங்குகிற அடுப்படி, குளியலறை, பின் அறை எல்லாம் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிற்கும்.

‘நான் தண்ணி ஊத்தி வளர்த்த சுவர்’ என்று அத்தை சொல்வதைப் புலம்பல் என்கிறீர்கள். வீடு கட்டும் காலத்தில் பூச்சு வேலை முடிந்ததும் கொத்தனார் போய்விடுவார். அதன் பிறகு குறைந்தது ஏழு நாளாவது காலையும் மாலையும் சுவரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் பிடிக்காது, வெடித்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. 1996இல் உங்கள் அத்தை குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருப்பார். அந்தச் சுவர்தான் இன்று அவர் தலைமாட்டில் உதிர்கிறது. புலம்பாமல் என்ன செய்வார்?

இருமலையும் மழைக்காலத்தையும் நீங்களே ஒரே வரியில் எழுதியும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதன் நுண்தூள் மூச்சில் போனால் இருமலும் இளைப்பும் கூடும். வீட்டு ஓதத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அத்தையின் இருமல் இதனால்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது படுக்கும் அறையில் ஓதம் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஷீட் ஒட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். என் தங்கை வீட்டில் இதையே செய்தார்கள். ஓதச் சுவருக்கு மரக்கட்டை அடித்து, மேலே பளபளவென்று ஷீட். ஒரு மழைக்காலம் முடிந்து ஒரு ஷீட்டைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். பின்னால் சுவர் முழுக்கக் கரிச்சட்டியின் அடி போலக் கறுப்பு. அந்த மரக்கட்டையை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. அறையே பழைய சாக்கு மாதிரி நாறியது. அந்தச் சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியில் என் அம்மாவின் கூறைப்புடவை இருந்தது. அதன் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் புள்ளி, இன்றுவரை போகவில்லை. மூடிவிட்டால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கித் தின்னும். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மறைத்தாலும் அதே கதிதான், அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உரிந்துவிடும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்குக் காசு வேண்டாம். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு தண்ணீர் மட்டத்தை அளந்து வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. குறையவில்லை, ஆனால் கோடையிலும் சுவர் ஈரமாகவே இருக்கிறது என்றால் குளியலறை டைல்ஸ் இடுக்கிலோ தரையிலோ தண்ணீர் இறங்குகிறது. உங்கள் சுவர் குளியலறையை ஒட்டியது என்பதால் எனக்கு இதில்தான் சந்தேகம். ஈரம் மேலே, சீலிங்கை ஒட்டி, மழைக்குப் பிறகு மட்டும் தெரிந்தால் மாடித் தளத்திலோ கைப்பிடிச் சுவர் சேரும் இடத்திலோ விரிசல் இருக்கும். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கினாலும் அப்படி வரும், அதையும் பாருங்கள்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் ஈரம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம். காவிரிப் படுகையில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சகஜம். அடியோடு நிறுத்துவது கஷ்டம், குறைக்கலாம். வெளிப்புறம் சுவரை ஒட்டி மண் மேடேறி இருந்தால் வெட்டி இறக்கி, தண்ணீர் வழிந்தோட வழி செய்யுங்கள். உள்ளே அந்த மூன்றடிக்கு சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் போதும், சுவர் மூச்சுவிடும். அங்கே ஆயில் பெயிண்ட் கூடவே கூடாது.

இப்போது புரட்டாசி. மாடி விரிசலும் குளியலறை வேலையும் ஐப்பசி அடைமழைக்கு முன் முடியட்டும். டைல்ஸ் இடுக்கில் இருக்கிற பழைய ஒயிட் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்கிற பிசின் கலவையை நிரப்பச் சொல்லுங்கள். ஒயிட் சிமெண்டை விடச் செலவு கூட, ஆனால் தண்ணீர் இறங்காது. உள்சுவரில் உதிர்கிற பூச்சை, ஈரம் தெரியும் கோட்டுக்கு ஓரடி மேல்வரை செங்கல் தெரியக் கொத்திவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். அப்புறம் அவசரப்பட்டுப் பூசாதீர்கள். மழை முழுக்க அப்படியே திறந்து கிடக்கட்டும். பார்த்த வேலை சரியா, தண்ணீர் நின்றதா என்று மழையே சொல்லிவிடும். தை பிறந்து, செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசலாம். சிமெண்ட் பூச்சு என்றால் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம் கலக்கச் சொல்லுங்கள். கலக்கும்போது நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் நில்லுங்கள். பூசி ஒரு மாதமாவது கழித்துத்தான் பெயிண்ட்.

அதுவரை அத்தை எங்கே படுப்பார்? ஹாலில். கட்டிலை இன்றைக்கே ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல காற்று வருகிற ஜன்னல் பக்கம், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஓரகத்தி வரும்போது ஹால் நடுவே கிழவி கட்டில் கிடக்குமே என்று உங்களுக்குப் பதறும். கிடக்கட்டும். பெற்றவள் ஹாலில் படுத்திருப்பதைப் பார்க்கக் கூச்சப்படுகிற உறவுக்காகத்தான் கடன் வாங்கி சோபா போடப் போகிறீர்களா?

உங்களை மட்டும் திட்டினால் நியாயமாகாது. ‘கணவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை.’ திரைச்சீலை நிறத்தில் ஒருவருக்கு ஆர்வம் இல்லாமல் போகலாம். அம்மா தலைமாட்டில் சுவர் உதிர்வது ஆர்வத்தில் சேர்ந்த விஷயமா? இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கொத்தனாரைத் தேடிக் கூட்டிவர வேண்டியவர் அவர். குச்சியோடு மாடி ஏற வேண்டியவரும் அவர்தான். சென்னையில் இருக்கிற தம்பிக்கு போன் போட்டு, ‘அம்மா அறைக்கு இவ்வளவு ஆகிறது, உன் பங்கு இவ்வளவு’ என்று கேட்க வேண்டியவரும் அவரே. மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகள் வேலை, பார்க்காவிட்டால் குற்றமும் மருமகளுக்கு என்று மகன்கள் இரண்டு பேரும் ஒதுங்கி நிற்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

அத்தை எனக்கு என்ன நல்லது செய்தார் என்று மனசுக்குள் ஒரு கேள்வி வரலாம். உங்கள் பழைய கணக்கு எனக்குத் தெரியாது. அவர் உங்களைப் படுத்தியே இருந்தாலும் ஈரம் இல்லாத சுவரோரம் தூங்குவதை யாரும் நல்ல நடத்தை காட்டிச் சம்பாதிக்க வேண்டியதில்லை. பத்தாவது படிக்கிற பெண்ணும் வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பணத்துக்கு வருகிறேன். 70,000இல் 35,000ஐ மாடி, குளியலறை, பின் அறை என்று எடுத்துத் தனியாக வையுங்கள். அதிலேயே குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பி, ஒன்று கழிப்பறைப் பக்கம், ஒன்று குளிக்கிற இடத்தில், சுவரில் துளை போட்டு அழுத்தமாகப் பொருத்துங்கள். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து விழுந்தவர்கள் நிறையப் பேர். கட்டிலிலிருந்து குளியலறை போகிற வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு. கொஞ்சம் கையிருப்பும் இருக்கட்டும், பழைய வீட்டில் கொத்த ஆரம்பித்தால் எது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

மீதி ஹாலுக்கு. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். பத்தடி உயர ஹாலில் அரை அடிக்கு மேல் தின்றுவிடும், அறை இன்னும் புழுங்கும். முப்பது வயதை நெருங்கும் தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகை போட்டால் கசிவு தொடங்கியதே தெரியாது, பலகை ஊறித் தொங்கும்போதுதான் தெரியும். ஷீட்டும் வேண்டாம், வால்பேப்பரும் வேண்டாம். தவணை சோபா கட்டாயம் வேண்டாம். மாமனார் காலத்து வீட்டில் தேக்கு நாற்காலியோ பெஞ்சோ இல்லாமல் இருக்காது. பரணில் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து, கிழிந்த இருக்கைக்குப் புதிதாக ஒயர் பின்னச் சொன்னால் போதும். கடை சோபா ஐந்து வருடத்தில் குழி விழும், தேக்கு உங்கள் பேத்தி காலத்துக்கும் நிற்கும். தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கரூர் பருத்தித் துணி. மங்கிப்போன டியூப்லைட்டை மாற்றி எல்இடி போடுங்கள். ஆணியில் தொங்கும் பழைய காலண்டர்களையும் ஷோகேஸில் தூசி பிடித்த பிளாஸ்டிக் பூவையும் எடுத்துவிடுங்கள். இதற்கே ஹால் பாதி மாறியிருக்கும்.

என்ன நிறம் என்று கேட்டீர்களே. மழையில் ஹால் சுவருக்கும் அடிக்க வேண்டாம், சரியாகக் காயாது. மாசி மாதம் பின் அறைக்குப் பெயிண்டர் வரும்போது ஹாலையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம், கூலியும் குறையும். பின் அறைக்கு என்ன நிறம் என்று முதலில் அத்தையைக் கேளுங்கள். கட்டில் பழையபடி சுவரோடு சேர்ந்த பிறகு எனக்கு எழுதுங்கள், ஹால் நிறத்தைப் பேசலாம்.