மொத்தக் கோடு 240 காட்டினால் லைன் நிரம்பிவிட்டதா?

கேள்வி: எங்கள் அலுவலக ஃபைபர் இன்டர்நெட் லைன் இரு பக்கமும் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்). லைன் பயன்பாட்டைக் காட்டும் கிராஃபில் தனித்தனியாக இருந்த டவுன்லோடு, அப்லோடு கோடுகளைக் கூட்டி ஒரே மொத்தக் கோடாக மாற்றினோம். அது 240 வரை போகிறது. லைன் நிரம்பி வழிகிறது, பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்கிறார் ஏஜென்ட். மாறத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் லைனில் வர 200, போக 200 என்று தனித்தனிப் பாதை இருக்கிறது, எனவே மொத்தக் கோடு 400 வரை ஏறலாம். 240 என்பது 120-ம் 120-ம் என்றால் இரு பக்கமும் இடம் இருக்கிறது; டவுன்லோடு 200, அப்லோடு 40 என்றால் டவுன்லோடு முட்டி நிற்கிறது. எது என்று மொத்தக் கோடு சொல்லாது, அதனால்தான் பெரிய பிளானைத் தலையில் கட்ட வருபவர்களுக்கு அந்தக் கோடு மட்டும் அவ்வளவு பிடிக்கிறது. பழைய இரண்டு கோடுகளையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வயர்லெஸ் லிங்க் மட்டும் வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் இரு பக்கமும் மாறி மாறித்தான் பேசும், ஒன்று எடுத்த நேரம் மற்றதற்குக் கிடைக்காது, ஆகவே அங்கே மொத்தம்தான் சரியான கணக்கு. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ரேடியோ போட்டிருந்தால் அந்த இணைப்புக்கு மொத்தக் கோடு வையுங்கள், அதையும் பெட்டியில் அச்சடித்த வேகத்தோடு ஒப்பிடாமல் சோதித்துப் பார்த்த வேகத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது ஃபைபர், இந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம், டவுன்லோடின் உச்சத்தையும் அப்லோடின் உச்சத்தையும் கூட்டி 'மொத்த உச்சம்' என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். ஒன்று காலையில் வந்திருக்கும், மற்றது இரவு பேக்கப் ஓடும்போது. ஒவ்வொரு அளவீட்டிலும் கூட்டிவிட்டு, பிறகுதான் உச்சம் தேட வேண்டும்.

கிராஃப் குறைத்துக் காட்டும் வழியும் ஒன்று உண்டு. கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் ரவுட்டரின் பழைய 32 பிட் கவுன்ட்டர் சுமார் 429 கோடி பைட்டில் சுற்றிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 200 எம்பிபிஎஸ் முழு ஓட்டத்தில் அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. அதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் படித்தால் நடுவே முழுச் சுற்று சுற்றியது கணக்கில் வராது; டவுன்லோடோ அப்லோடோ தனியாக 115-ஐத் தாண்டாது, மொத்தம் 230-ஐத் தாண்டாது. உங்கள் மொத்தம் 240 தொட்டிருப்பதால் உங்களுக்கு இப்படி நடந்திருக்காது, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 64 பிட் கவுன்ட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் சிலர் பழையதையே இயல்பாக வைத்து விற்கிறார்களே, என்ன சொல்வது! பழையதாக இருந்தால், கிராஃப் மென்பொருள் ரவுட்டரிடமிருந்து அளவீடுகளைப் படிக்கும் முறையான எஸ்என்எம்பியின் (SNMP) பதிப்பை 2சி அல்லது 3 என்று மாற்றி, பெயரில் 'HC' என்று வரும் 64 பிட் கவுன்ட்டர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அதில் வேலை நேரத்தில் ஏதாவது ஒரு கோடு தினமும் 200-ஐ ஒட்டித் தட்டையாக நின்றால் மட்டும் ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள்.