பையை மிஸ் பண்ணீங்களா, தொலைச்சீங்களா?

கேள்வி: சார், பஸ்ல பையைத் தொலைச்சிட்டு ஆபீசுக்கு ‘ஐ மிஸ்டு மை பேக்’னு மெயில் போட்டேன், மேனேஜர் தப்புன்னுட்டார். மிஸ், மிஸ்ஸிங், லாஸ்ட் எல்லாம் ஒண்ணுதானே? - வாசகி, திருப்பூர்

பதில்: ஒண்ணு இல்லம்மா. ‘பர்ஸ் மிஸ் ஆயிடுச்சு’, ‘பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்’னு தமிழ்ல பேசும்போது எல்லாத்துக்கும் ஒரே மிஸ்ஸைப் போட்டுப் பழகிட்டோம், அது அப்படியே இங்கிலீஷ் எழுதும்போதும் வந்துடுது. பஸ்ஸ மிஸ் பண்ணலாம், ஊருக்குப் போன அக்காவ மிஸ் பண்ணலாம், ஆனா ‘ஐ மிஸ்டு மை பேக்’னா பை இல்லாம மனசு ஏங்குச்சுன்னு ஆயிடும். தொலைச்சதுக்கு ‘ஐ லாஸ்ட் மை பேக்’. இல்லன்னா ‘மை பேக் இஸ் மிஸ்ஸிங்’.

இந்த ரெண்டுலயும் வித்தியாசம் இருக்கு. மிஸ்ஸிங்னா இருக்க வேண்டிய எடத்துல இல்ல, அவ்வளவுதான், எங்க போச்சு யார் எடுத்தான்னு அது சொல்லாது. சட்டைல ஒரு பட்டன் இல்லன்னாலும் மிஸ்ஸிங்தான். லாஸ்ட்ல கைவிட்டுப் போச்சுங்கற தொனி வந்துடுது. பிளைட்ல போட்ட பெட்டி வரலன்னா உடனே அது சட்டப்படி லாஸ்ட் ஆயிடாது, வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமானக் கம்பெனியே தொலைஞ்சதுன்னு ஒத்துக்கணும், இல்லன்னா வர வேண்டிய நாள்லேருந்து 21 நாள் ஆகியும் வராம இருக்கணும், அப்பதான் தொலைஞ்சதாவே வெச்சு நஷ்டஈடு கேக்கலாம். வீட்டுலயே எங்கயோ வெச்சு மறந்துட்டா மிஸ்பிளேஸ்டு. உங்க பைக்குள்ள சர்டிபிகேட் இருந்துச்சுன்னா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல ‘லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்’ எடுங்க, ஆனா அது தொலைஞ்சதுக்கு மட்டும்தான், யாரோ அடிச்சிட்டுப் போயிருந்தா அது ஸ்டோலன், ஸ்டேஷன்ல புகாரே குடுக்கணும். அப்புறம் லாஸ்ட்டுக்கு மூலமான லூஸ்ல ஒரே ஒரு ‘ஓ’தான், கடைசில இசட் சத்தம். ரெண்டு ‘ஓ’ போட்டீங்கன்னா தொளதொளன்னு இருக்கற பேண்ட்.

கேள்வி: ஐயா, நான் அறிக்கையள் மொழிபெயர்க்கிறனான். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ எண்டதுக்கு ‘மிஸ்ஸிங் பெர்சன்ஸ்’ எண்டு போட்டால் சரியோ? - வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: போடாதீங்க, ஐயா. திருவிழாக் கூட்டத்துல வழி தவறின குழந்தையும் மிஸ்ஸிங்தான், வெள்ளத்துல போனவரும் மிஸ்ஸிங்தான். செஞ்ச கை ஒண்ணு இருக்குங்கறதே அந்தச் சொல்லுல இல்ல. 2016ல இலங்கைல வந்த சட்டம் ‘மிஸ்ஸிங் பெர்சன்ஸ்’னுதான் அலுவலகத்துக்குப் பேர் வெச்சுது, ஆனா 2017 பிப்ரவரிலேருந்து கிளிநொச்சி, வவுனியா ரோட்டோரம் பிள்ளைங்க போட்டோவ மடில வெச்சு உக்காந்த அம்மாக்கள் ‘காணாம போனவங்க இல்ல, ஆக்கப்பட்டவங்க’ன்னு சொன்னாங்க. அந்த ‘ஆக்க’ங்கற மூணெழுத்துலதான் அவங்க கேள்வி மொத்தமும் இருக்கு, அதை இங்கிலீஷுக்குப் போகும்போது விட்டுடவே கூடாது. இங்கிலீஷ் இலக்கணப்படி ஒருத்தர் தானா டிஸப்பியர் ஆகலாம், ஒருத்தரை டிஸப்பியர் பண்ண முடியாது, ஆனாலும் ‘வாஸ் டிஸப்பியர்டு’னு இன்னிக்கு எழுதறாங்க, 1976லேருந்து 1983 வரைக்கும் ராணுவ ஆட்சி ஆளுங்களைக் காணாம ஆக்கினதுல அர்ஜென்டினா பட்ட பாடு உலகத்துக்குத் தெரிஞ்சப்போ அந்தப் பிரயோகமும் பரவிடுச்சு. நீங்க ‘என்ஃபோர்ஸ்டு டிஸப்பியரன்ஸ்’, ‘தி ஃபோர்சிப்லி டிஸப்பியர்டு’னே எழுதுங்க, ஐநா 2006ல ஏத்துக்கிட்ட உடன்படிக்கையோட பேர்லயே அந்த ‘என்ஃபோர்ஸ்டு’ இருக்கு.