பழைய வீட்டுப் பழுதுவேலையில் பொறியாளர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமா?

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டைச் சீரமைக்கப் போவதாகவும், பொறியாளரிடம் கேள்வி கேட்டால் தவறாக நினைப்பாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள். நல்ல பொறியாளர் அதை விரும்புவார்.

எங்கள் வீட்டில் முற்றத்தைச் சுற்றிய வளவில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்தபோது, வந்த பொறியாளர் சிமெண்ட் பூசச் சொன்னார். வயதான கொத்தனார் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல்லையே அரிக்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

விட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பொறியாளரே சொல்ல முடியும். ஆனால் சுண்ணாம்பு எவ்வளவு ஊற வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சை எப்போது தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் கொத்தனாரின் கையில் இருக்கும் அறிவு. எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே வேலை தொடங்கும் முன் மூவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். கொத்தனாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் பூசிப் பாருங்கள்.

பங்காளிகள் பலர் இருந்தால், பொறியாளரிடம் பேசுவதற்கு ஒருவரை முன்பே முடிவு செய்துவிடுங்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பதானால் சீக்கிரமே சொல்லிவையுங்கள்; கண்ணாடிமேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது.