முடிப்பாசியும் ஐப்டேசியாவும்: பிடுங்கப் பிடுங்கப் பெருகுவது ஏன்?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், சில காளான் பவளங்கள் உள்ளன. பாறைகளைப் பச்சை முடிப்பாசி மூடிவிட்டது. சின்னத் தென்னங்கன்று போல விரியும் பழுப்பு நிற ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி (பாறையில் ஒட்டி வாழும் உயிரினம்) 4 இருந்தது. இடுக்கியால் பிடுங்கிய பின் 30 ஆகிவிட்டது. பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டுக்கான சோதனையோ பூஜ்யம் காட்டுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் 3 லிட்டர் கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். பாசிக்கொல்லி மருந்து ஊற்றலாமா, பாறைகளை எடுத்துக் கொதிக்க வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பல பாசிக்கொல்லிகளில் செம்பு இருக்கிறது. அது உங்கள் இறாலையும் பவளங்களையும் கொன்றுவிடும். செம்பு இல்லாத மருந்தாக இருந்தாலும், ஒரே நேரத்தில் மடியும் பாசி அழுகி, தான் உறிஞ்சி வைத்திருந்த சத்தையெல்லாம் நீருக்கே திருப்பித் தருவதோடு, மீன்கள் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனையும் குறைத்துவிடும்.

முதலில் ஐப்டேசியா. இந்தக் கடற்சாமந்தியின் பாதத்திலிருந்து கடுகளவு சதை பாறையில் ஒட்டி நின்றாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும் என்பதால், இடுக்கியால் பிடுங்கியது நாற்று நட்டதற்குச் சமம். அதைக் காயப்படுத்தாமல் முழுதாகக் கொல்ல வேண்டும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றிய சுண்ணாம்பை, சிறிது ஆர்.ஓ. நீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தாதீர்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. நீரோட்ட மோட்டாரை நிறுத்தி, அது முழுதாக விரிந்திருக்கும்போது, உடலைத் தொடாமல் நடுவிலுள்ள வாயின் மேல் பசையை மெல்ல இறக்குங்கள். தொட்டால் நொடியில் பாறை இடுக்குக்குள் சுருங்கிவிடும். பிறகு அன்று அதை விட்டுவிட வேண்டியதுதான். 15 நிமிடம் கழித்து மோட்டாரை ஓட விடலாம். சுண்ணாம்பு பி.எச். அளவை உயர்த்தும் என்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் செய்யாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

சிறு ஐப்டேசியாக் குட்டிகளைத் தின்று ஒழிக்கப் பெப்பர்மின்ட் இறால் நல்ல துணை. ஆனால் அதன் பெயரிலேயே முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் உள்ள ஒட்டக இறாலைக் கடைகளில் தந்துவிடுவதுண்டு. அது உங்கள் காளான் பவளங்களையே தின்னும்.

இனி பாசி. பாஸ்பேட் பூஜ்யம் என்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். நீரில் கரைந்து மிச்சமிருப்பதை மட்டுமே சோதனை காட்டுகிறது. வந்ததையெல்லாம் பாசி உடனே உண்டுவிடுவதால்தான் மிச்சம் தெரியவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீங்கள் சொன்ன 3 லிட்டரே ஒரு விடை. ஆவியாவது நீர் மட்டும். அதில் கரைந்திருந்தவை தொட்டியிலேயே தங்கும். 14 மாதங்களில் 1,200 லிட்டருக்கு மேல், அதாவது ஆறு தொட்டி அளவு கேன் நீரின் கசடு உங்கள் 200 லிட்டரில் சேர்ந்திருக்கிறது. நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.டி.ஐ. நீரை (ஆர்.ஓ.வுக்குப் பின் அயனிகளும் நீக்கப்பட்ட நீர்) தவிர வேறு எதையும் இனி ஊற்றாதீர்கள். உப்பு கலப்பதற்கும் அதே நீர்தான். உறைந்த தீவனத்தை உருக்கி, வடிகட்டி, அந்த நீரைக் கொட்டிவிட்டு ஊட்டுங்கள். வாரந்தோறும் 20 லிட்டர் நீர் மாற்றும்போது, பாசியைக் கையால் பறித்தபடியே குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும்.

சத்தை ஒரேயடியாகத் துடைத்தெடுக்கும் ரசாயனங்களில் அவசரம் காட்டாதீர்கள். பாஸ்பேட், நைட்ரேட் இரண்டும் உண்மையிலேயே பூஜ்யமாகிவிட்டால் டைனோபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி படரக்கூடும். அதை ஒழிப்பது முடிப்பாசியைவிடக் கடினம். பாறைகளுக்குள் ஊறியிருக்கும் பாஸ்பேட் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் என்பதால், முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் முறையை மாற்றாதீர்கள்.

பாறைகளைக் கொதிக்க வைப்பது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். சோவாந்திட் வகைப் பவளங்கள் கண்ணுக்குப் படாமல் பாறையில் ஒட்டியிருக்கக்கூடும். அவற்றில் சிலவற்றிலுள்ள பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு கொதிநீரின் ஆவியோடு மூச்சில் ஏறி, வீட்டிலிருந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒரு பாறையில் ஐப்டேசியா மிக அடர்ந்துவிட்டால், அதை மட்டும் எடுத்து, ஆளில்லாத திறந்த மாடியில் பல வாரங்கள் வெயிலில் காயவிடுங்கள்.